பேனாவால் எழுதிய தேதி

தாம்பரம் மேற்கு,
5-11-1972, ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் ஞானஜோதிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் ஹில்டா அத்தையும் இங்கே சுகம், நீயும் லூதியானாவில் நர்ஸ் டிரெயினிங்கில் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கக்கூடாது என்று அம்மா சொல்வாள், அதனால் எழுதினேன். சாப்பிடுகிறேன், டியூட்டிக்குப் போகிறேன், வருகிறேன், படுக்கிறேன், அதற்கு என்ன பெயரோ அதுதான். மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூர் பக்கம் வயலெல்லாம் ஒரே தண்ணீர், நம் கிணற்றில் மேலே மூன்று உறைதான் தெரிகிறது, போன வருஷம் இதே தேதிக்கு ஐந்து தெரிந்தது என்று என் நோட்டில் இருக்கிறது. ஹில்டா அத்தை ஆகஸ்டில் வந்தவள் இன்னும் பல்லாவரம் திரும்பவில்லை, இங்கிருந்தே ஸ்கூலுக்கு ரயிலில் போய் வருகிறாள். என்னைத் தனியே விட பயப்படுகிறாள் என்று நினைக்கிறேன். சபையில் இரண்டு பேர் இப்போதே என்னிடம் வேறு பேச்சு எடுத்துவிட்டார்கள், உனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லையே அசரியா, எத்தனை நாளைக்கு இப்படி என்று. நான் அவர்கள் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்துவிட்டேன். அங்கே இப்போது பனி ஆரம்பித்திருக்கும். அம்மா பின்னிய பச்சை ஸ்வெட்டரை உள்ளே போட்டுக்கொள், பெட்டியிலேயே வைத்து அழகு பார்க்காதே. நைட் டியூட்டி போட்டால் காதை மூடிக்கொண்டு போ.

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். ஒவ்வொரு மாதமும் ஒன்பதாம் தேதி அம்மாவுக்காக உபவாசம் இருப்பதாகவும், அன்றைக்கு வார்டில் யாரோடும் பேசாமல் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டேன், அப்புறம் டிராயரையே திறக்கவில்லை. அதே வாரம் பொழிச்சலூரிலிருந்து கல் வெட்டுகிற தசரதன் வந்தார். அம்மாவுடைய கல்லறைக்குக் கல் சொல்லியிருந்தேன், திரிசூலம் மலைக் கல். சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, "இன்னா சார், கல்லு ரெடியா கீது. பேரு வெட்டியாச்சு, வசனம் வெட்டியாச்சு. தேதி மட்டும் காலியா கீது. ஒரு தபா வெட்டிட்டா அப்பால அழிக்க முடியாது, ரோசனை பண்ணி சொல்லு சார்" என்றார். பெண்டாட்டி செத்த தேதிக்கு இவர் என்ன யோசனை பண்ண வேண்டியிருக்கிறது என்று அவருக்கு ஆச்சரியம். இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றேன். உள்ளே அத்தை சாதம் வடித்துக்கொண்டிருந்தாள், கஞ்சி கொட்டுகிற சத்தம் நின்றது. மறுநாள் நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மலைக்குப் போனேன்.

எந்த மலை என்று கேட்பாய். அம்மாவுடைய ஊர், ஈச்சங்கானல். வத்தலகுண்டுக்கு மேலே, பழனி மலை அடுக்கில். உனக்கு அந்தப் பெயர் மட்டும்தான் தெரியும், எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. கல்யாணமான இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அம்மா ஒருநாளும் அங்கே போகவில்லை, என்னையும் கூட்டிப்போகவில்லை. அவள் அப்பா ஞானையா அங்கே சபை உபதேசியார், எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவர் வரவில்லை, உடம்பு சரியில்லை என்று அம்மா சொன்னாள், நான் நம்பினேன். அவர் இறந்தபோதும் அவள் போகவில்லை. அவளுக்குத்தான் இருதயத்தில் வால்வு கோளாறு இருந்ததே, நம் வீட்டு மாடிப்படியிலேயே நாலாவது படியில் நின்று மூச்சு வாங்குவாள், அந்த மலையை எப்படி ஏறுவாள் என்று நானே காரணம் வைத்துக்கொண்டேன். அந்த வீட்டுச் சாவி மட்டும் அவள் டிரங்குப் பெட்டியில் ஒரு துணியில் சுற்றி இருந்தது. கடைசி நாட்களில் ஒருநாள் அவளாகச் சொன்னாள், எங்க வீட்டு பைபிள் அங்கதான் இருக்கு, என் பேரு அதுலதான் எழுதியிருக்கு, நான் போனதையும் அதுல போய் எழுதிடுங்க என்று. நீ பார்த்திருப்பாய், நம் ஜனங்கள் வீட்டு பைபிளில் முன்பக்கம் பிறப்பு, விவாகம், இறப்பு எல்லாம் எழுதி வைப்போம். சரி என்றேன். அப்புறம், "தேதியைச் சரியா போடுங்க. பேனாவால போடுங்க" என்றாள். நான் எதையும் தேதி போட்டுத்தான் எழுதுவேன் என்று பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறவள் ஏன் இதைச் சொல்கிறாள் என்று தோன்றியது, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வத்தலகுண்டில் பஸ் மாறி, மலைப் பாதையில் பாதி தூரம் பஸ்ஸிலும் மீதி எட்டு மைல் நடந்தும் போனேன். மழை, அட்டை, வழுக்கல், அதையெல்லாம் எழுதி என்ன. ஈச்சங்கானலில் இப்போது யாரும் இல்லை ஜோதி. பதினான்கு வீடு எண்ணினேன். முன்பு கமலா ஆரஞ்சுத் தோட்டம் இருந்த ஊராம், மரத்துக்கு நோய் வந்து எல்லாம் பட்டுப்போயிற்று, அப்புறம் ரோடு எதிர்மலையில் போட்டார்கள், பஸ் வந்த பக்கத்துக்கு ஜனங்கள் ஒவ்வொரு வீடாக இறங்கிப் போய்விட்டார்கள். போகும்போது ஓட்டையும் கதவையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எது அம்மாவுடைய வீடு என்று தெரியாமல் நான் ஒவ்வொன்றாக நுழைந்து பார்த்தேன். ஒரு வீட்டில் ஆட்டுக்கல் மட்டும் இருந்தது, தூக்க முடியவில்லை போல. ஒரு வீட்டுச் சுவரில் பிள்ளைகளை நிற்க வைத்து உயரம் கரியால் கோடு போட்டிருந்தது, ஏழு கோடு, மேல் கோட்டுக்கு மேலே செம்பருத்தி வேர் சுவரைப் பிளந்துகொண்டு வந்திருந்தது. ஒரு வீட்டில் அடுப்பின் மேல் சட்டி அப்படியே இருந்தது, உள்ளே மழைத் தண்ணீர், தண்ணீரில் புழு. நான் டேப்பை எடுத்து அந்த வீட்டு வாசலை அளந்தேன், ஐந்தடி இரண்டங்குலம். ஏன் அளந்தேன் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் கை சும்மா இருந்தால் எதையாவது அளக்கிறது.

நான் நாலாவது வீட்டிலிருந்து வெளியே வரும்போது ஒரு அம்மாள் ஆடுகளோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர் செல்லியம்மாள், அறுபது வயது இருக்கும். அடுத்த பள்ளத்தில் மகன் வீட்டில் இருக்கிறார்கள், பகலில் ஆட்டை இங்கே ஓட்டி வருகிறார்கள். சர்வே ஆபீசரா என்று கேட்டார்கள். இல்லை, ஞானையா உபதேசியார் மருமகன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இம்புட்டு வருசம் கழிச்சா மாமனார் வீட்டுக்கு விருந்துக்கு வாரீக?" என்றார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தப் புள்ள வரலையா என்று கேட்டார்கள். சொன்னேன். மழைக்குத் தலையில் மடித்துப் போட்டிருந்த சாக்குக் கொங்காணியை எடுத்துவிட்டு மழையிலேயே கொஞ்ச நேரம் நின்றார்கள். வீட்டை அவர்கள்தான் காட்டினார்கள். கல் சுவர், தகரக் கூரை, ஊரிலேயே கதவு இருந்த வீடு அது ஒன்றுதான், உபதேசியார் வீட்டுக் கதவில் கை வைக்க யாருக்கும் மனசு வரவில்லையாம். பூட்டு துருவேறிக் கட்டியாகி இருந்தது. நான் பையில் எப்போதும் எண்ணெய்க் குப்பி வைத்திருப்பேன் அல்லவா, சிக்னல் கம்பிக்குப் போடுகிறது, அதைச் சாவித் துவாரத்தில் விட்டுவிட்டு அரைமணி காத்திருந்தேன், மறுபடி விட்டேன், மெல்ல மெல்ல அசைத்துத் திறந்தேன். செல்லியம்மாள் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பின்னாடிச் சுவரே இல்லையே தம்பி, எதுக்கு இந்தப் பூட்டோட மல்லுக்கட்டுறீக?" என்றார்கள். உண்மைதான், மலைப் பக்கச் சுவர் முழுதும் சரிந்து கிடந்தது, ஆடுகள் அந்த வழியாக உள்ளே போய்ப் படுக்கின்றன. ஆனாலும் அம்மா இத்தனை வருஷம் சாவியை வைத்திருந்தாள், சாவி போட்டுத்தானே நுழைய வேண்டும்.

உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. ஒரு கட்டில் சட்டம், ஒரு பெஞ்சு, ஆணியில் தொங்கிய பழைய குடையின் கம்பி. பரண் மேலே ஒரு தகரப் பெட்டி இருந்தது, செல்லியம்மாள் ஏணி மாதிரி ஒரு கழியைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார்கள். பெட்டிக்குள் எண்ணெய்த் துணியில் சுற்றி பைபிள் இருந்தது. ஓரம் செல்லரித்திருந்தது, முன்பக்கம் நன்றாக இருந்தது. உபதேசியார் கையெழுத்து அச்சடித்த மாதிரி. அவருடைய விவாகம், அம்மா பிறந்தது, ஞானஸ்நானம், எல்லாம் மையால். அப்புறம் அம்மாவின் அம்மா, உன் பாட்டி ரத்தினபாய், 1951 மார்ச் பதினாலாம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள் என்று. அதற்குக் கீழே பென்சிலால் ஒரு வரி இருந்தது. அது அம்மாவின் எழுத்து, பதினேழு வயசு எழுத்து, பிற்பாடு அவள் பால் கணக்கில் எழுதிய அதே வளைந்த ‘ன’. "நான் வந்திருப்பேன் அப்பா." அவ்வளவுதான். அதை ஒருமுறை ரப்பரால் அழிக்கப் பார்த்திருக்கிறார்கள், தாள் அந்த இடத்தில் மெலிந்திருக்கிறது, ஆனால் அழுத்தி எழுதியிருப்பதால் போகவில்லை. அழித்தது அவளா, அவள் அப்பாவா, தெரியவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா என்னிடம் சொன்னதெல்லாம், திண்டுக்கல்லில் போர்டிங்கில் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது என் அம்மா ஒருநாள் காய்ச்சலில் போய்விட்டார்கள், போய்ப் பார்க்க முடியவில்லை என்பதுதான். செல்லியம்மாளைக் கேட்டேன். ஒருநாள் காய்ச்சலா என்றார்கள். பன்னிரண்டு நாள் கிடந்தார்களாம், மலைக் காய்ச்சல். பெண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டார்களாம். உபதேசியார் ஆள் அனுப்பவில்லை, பரீட்சை கெட்டுப்போகும், வழியெல்லாம் அழுதுகொண்டு வருவாள், வந்தால் மட்டும் தாய் பிழைக்கவா போகிறாள் என்று. எல்லாம் முடிந்த பிறகு, மார்ச் இரண்டாம் தேதி ஒரே நாளில் போய்விட்டாள், உனக்குச் சொல்லி அனுப்ப நேரமே இல்லை என்று கடிதம் போட்டிருக்கிறார். அந்தப் புள்ளைக்குத் தாங்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு செல்லியம்மாளிடமே சொல்லி அழுதாராம். ஆனால் பைபிளில் பொய் எழுத அவரால் முடியவில்லை. ஏப்ரலில் அம்மா லீவுக்கு வந்தாள், பைபிளைத் திறந்தாள். மறுநாள் விடியும் முன்னே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். செல்லியம்மாள் சொன்னார்கள், அவர் வளைவு வரைக்கும் பின்னாலேயே ஓடினார், தபீதாள் தபீதாள் என்று கூப்பிட்டார், "அந்தப் புள்ள ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா அந்த மனுசன் இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரு" என்று. மலை ஏற முடியாதது இருதய நோயால் இல்லை ஜோதி. அந்த வயசில் அவளுக்கு நோயே இல்லை. அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி அவர் கையெழுத்தில் இருக்கிறது. 1953, தபீதாளுக்குத் தாம்பரத்தில் விவாகம் ஆனதாகக் கேள்வி, மாப்பிள்ளை பெயர் தெரியவில்லை. 1954, தபீதாளுக்குப் பெண் குழந்தை என்று கேள்வி, பெயர் தெரியவில்லை. அந்தக் குழந்தை நீதான். அதற்குப் பிறகு தாள் வெறுமையாக இருக்கிறது.

நான் அந்தப் பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஆடுகள் உள்ளே வந்து என் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. ஞானையா என்ற அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அவர் என்னென்ன நினைத்து அந்தக் கடிதத்தை எழுதியிருப்பார் என்று எனக்கு வரி வரியாகத் தெரியும். ஏனென்றால் அதே கடிதத்தை நான் உனக்கு எழுதியிருக்கிறேன். இதை இதற்கு மேல் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை ஜோதி, நேராக எழுதுகிறேன், பக்கத்தில் யாராவது இருந்தால் உட்கார வைத்துக்கொண்டு படி. அம்மா ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி போகவில்லை. பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பதுக்குப் போனாள்.

ஒன்பதாம் தேதி காலை நான் உனக்குக் கொடுத்த தந்தி உண்மையான தந்தி. மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி. அம்மாவுக்கு மூச்சு திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், நிஜமாகவே சீரியஸாக இருந்தாள். ஆனால் நம் ஊரில் செத்த பிறகுதானே எல்லோரும் சீரியஸ் என்று தந்தி கொடுக்கிறார்கள். அதை உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். மூன்று வருஷம் முன்னால் என் அப்பாவைப் பற்றி அப்படித் தந்தி வந்தபோது, தாத்தா பிழைத்துக்கொள்வாரா என்று நீ ரயிலில் கேட்டாய், சீரியஸ் என்று வந்தால் முடிந்துவிட்டது என்று அர்த்தம் கண்ணு, மனசைத் தயார் பண்ணிக்கொள் என்று நான்தான் சொன்னேன். அதே மாதிரி நீ மனசைத் தயார் பண்ணிக்கொண்டாய். மறுநாள் மத்தியானம் உன் பதில் தந்தி வந்தது, டோன்ட் வெயிட், பரி அம்மா, பிரேயிங், எனக்காகக் காத்திராமல் அம்மாவை அடக்கம் பண்ணிவிடுங்கள் என்று. மூன்று நாள் பிரயாணம், உடலை வைத்திருக்க மாட்டார்கள் என்று நீ நினைத்தது சரிதான். தந்தியை நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் வாங்கிப் படித்தேன். உள்ளே அம்மா உயிரோடு இருந்தாள். ஹார்லிக்ஸ் குடித்துக்கொண்டிருந்தாள்.

உடனே தந்தி ஆபீசுக்குப் போனேன். மதர் அலைவ் ஸ்டார்ட் என்று பாரத்தில் எழுதினேன். எழுதிவிட்டு நின்றேன். டாக்டர் அன்று காலை இரண்டு நாள் என்று சொல்லியிருந்தார். நீ கிளம்பி டெல்லிக்கு ஒரு ராத்திரி, அங்கிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி, எப்படிப் பார்த்தாலும் பதினான்காம் தேதிக்கு முன்னால் சென்ட்ரல் வந்து சேர முடியாது. ஒன்றரை நாள் குறைகிறது. அத்தனை ராத்திரியும் அம்மா இருக்கிறாள் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு தனியாக வந்து நீ கல்லறை மண்ணைப் பார்ப்பாயே, ஏற்கெனவே ஒருமுறை அழுதுவிட்டாய், இரண்டாம் முறை எதற்கு என்று கணக்குப் போட்டேன். பாரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன். டாக்டர் சொன்ன கணக்கில் தப்பில்லை, அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அதை வைத்து நான் போட்ட கணக்குதான் தப்பு. அம்மா இரண்டு நாள் இருக்கவில்லை, ஏழு நாள் இருந்தாள். நான் அந்தத் தந்தியைக் கொடுத்திருந்தால் நீ அவள் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்திருப்பாய். டைம்டேபிள் பின்னட்டையில் எழுதிப் பார்த்துவிட்டேன், எத்தனை முறை எழுதினாலும் மூன்று நாள்தான் வருகிறது. பன்னிரண்டாம் தேதி, அவள் இன்னும் இருக்கிறாள் என்று தெரிந்ததும், அப்போதாவது கொடுத்திருக்கலாம். அன்றைக்கும் இன்று ராத்திரி தாண்டாது என்றுதான் நினைத்தேன், ஒவ்வொரு நாளும் அப்படியே நினைத்தேன். என் வேலையில் கம்பி அறுந்துபோனால் சிக்னல் கை தானாக நில் என்று நின்றுவிடும், ஆள் தப்பு செய்தாலும் வண்டி தப்பிக்கும், அப்படித்தான் செய்து வைத்திருக்கிறோம். வீட்டுக்கு அப்படி ஒன்று கிடையாது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். உன் தந்தியை நான் அம்மாவிடம் காட்டவில்லை. ஜோதி கிளம்பிட்டாளா என்று கேட்டாள், கிளம்பிவிட்டாள் என்றேன். பதினொன்றாம் தேதி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று அடம்பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஜன்னல் பக்கம் கட்டிலைப் போடச் சொன்னாள், அங்கிருந்து வண்டிச் சத்தம் கேட்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணைத் திறந்து இப்ப எங்க இருப்பா என்று கேட்பாள். ரயில்காரன் பெண்டாட்டி, நான் சொன்னால் நம்புவாள். டெல்லியில் ரிசர்வேஷன் கிடைக்கவில்லை, ஒருநாள் தங்கிவிட்டாள் என்றேன். ஜான்சி என்றேன். இட்டார்சியில் வெள்ளம், பாலத்தில் வண்டி நிற்கிறது என்றேன். அங்க சாப்பிட ஏதாவது கெடைக்குமா என்று கேட்டாள். நாகபுரியில் ஆரஞ்சு வாங்கித் தின்பாள் என்றேன், சிரித்தாள். நீ வந்து படுக்கிறதுக்கு நீலப் போர்வையைத் துவைத்துப் போடச் சொல்லி அத்தையை விரட்டினாள், மழையில் காயவில்லை, அத்தை அடுப்புக்கு மேலே பிடித்துக் காய வைத்தாள். பல்லார்ஷா, காஸிப்பேட்டை, பெஜவாடா என்று நான் உன்னை ஒவ்வொரு ஸ்டேஷனாக, மைல் மைலாக இழுத்துக்கொண்டு வந்தேன். அத்தை ஒருநாள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "அவ எப்ப அழணும்னு நீங்க எப்படி அண்ணா தேதி குறிக்கலாம்? இன்னைக்காவது தந்தி குடுங்க" என்றாள். நான் கட்டில் பக்கம் திரும்பிப் போய்விட்டேன். பதினைந்தாம் தேதி அம்மா, வண்டி ரொம்பத்தான் லேட்டு என்றாள். அதற்கு அடுத்த பேச்சுதான் பைபிள், தேதியைச் சரியாகப் போடு, பேனாவால் போடு என்றது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது ஜோதி. மலையில் அந்தப் பென்சில் வரியைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அவளிடம் ஏற்கெனவே ஒருவர் இதைச் செய்திருக்கிறார், அவளுக்குத் தெரியாதா. பதினேழு காலை, எங்க வந்திருக்கு என்றாள். கூடூர் என்றேன். அவ்வளவு கிட்ட வந்துட்டாளா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நம்பித்தான் திரும்பினாளா, எனக்காகத் திரும்பினாளா, எனக்குத் தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை.

எல்லாம் முடிந்து மறுநாள் உனக்கு ஒன்பதாம் தேதி என்று எழுதிப் போட்டேன். நீ ஏற்கெனவே அழுது முடித்த தேதி அது, அதையே வைத்துவிடுவோம் என்று. உனக்குத் தாங்கட்டும் என்று செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன், அந்த மனிதரும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். சொல்லாமலே இருந்துவிடலாம் என்று இறங்கி வரும் வழியெல்லாம் நினைத்தேன். பஸ்ஸில் நினைத்தேன், தாம்பரத்தில் இறங்கியபோது நினைத்தேன். ஆனால் பெயர் தெரியவில்லை என்று எழுதிய அந்த வரி கண் முன்னால் நிற்கிறது. நாளைக்கு உனக்கு விவாகம் ஆகும், பிள்ளை பிறக்கும், நான் இங்கே தனியாக உட்கார்ந்துகொண்டு கேள்வி, தெரியவில்லை என்று எழுதுவேனோ என்று பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னாலும் நீ திரும்பிப் பார்க்காமல் போகலாம். அதற்கு உனக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் நீ பென்சிலால் எழுதி வைத்துவிட்டுப் பேசாமல் போக வேண்டாம், என் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுப் போ.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே எழுதினேன். மாப்பிள்ளை பெயர் தெரியவில்லை என்ற இடத்துக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். பெண் குழந்தை என்ற இடத்தில் ஞானஜோதி, 1954 ஜூன் 21 என்று எழுதினேன். உபதேசியார் இறந்ததை யாருமே எழுதவில்லை, எழுத ஆள் இல்லை. செல்லியம்மாளைக் கேட்டேன், 59-ல், ஆடி மாசம், நல்ல மழை என்றார்கள், அப்படியே எழுதினேன். கடைசியில் தபீதாள், 1972 ஆகஸ்ட் 17 என்று எழுதினேன். மை உலரும் வரை செல்லியம்மாள் கொங்காணியைக் கூரை ஒழுகலுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார்கள். வரும்போது கதவைப் பூட்டினேன், சுவர் இல்லாவிட்டாலும். பைபிளைக் கொண்டுவந்துவிட்டேன், அம்மாவின் தையல் மிஷின் மேலே இருக்கிறது. நேற்று தசரதன் வந்தார், பதினேழு என்று சொல்லிவிட்டேன். "நிச்சயம்தானே சார்?" என்று கேட்டார், நிச்சயம் என்றேன். இந்த ஒன்பதாம் தேதி உபவாசம் இருக்காதே, சாப்பிடு.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் போக்கையும் வரத்தையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வாயில் வருகிற ஜெபம் இப்போது இது ஒன்றுதான். ஹில்டா அத்தை முத்தம் சொல்லச் சொன்னாள், இந்தக் கடிதத்தை இதுவரை அவள் படித்துவிட்டாள், ஒட்டப்போவதும் அவள்தான். கிறிஸ்மஸுக்கு வருவதாக இருந்தால் எந்த வண்டி என்று எழுது, அது எவ்வளவு லேட்டானாலும் நான் சென்ட்ரலில் நிற்பேன். வரவில்லை என்றாலும் வரவில்லை என்று ஒரு கார்டு போடு, நான் மறுபடி உன்னை மனசுக்குள் ஒவ்வொரு ஸ்டேஷனாக இழுத்துக்கொண்டு வர முடியாது. பைபிளில் அம்மாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அது உன்னுடையது. எனக்கு விரோதமாக இருந்தாலும் எழுது. பேனாவால் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா,
இனிமேல் பெயரையும் எழுதுகிறேன்,
அசரியா.